உமரிப்பூண்டு காட்டும் உப்பு வழி

சேலம், நாமக்கல் சமவெளியில் கிணற்றுப் பாசனத் தோட்டங்கள் சிலவற்றில் கோடைமழை ஒன்று பெய்து நாலு நாள் வெயில் காய்ந்ததும் வெள்ளை பூத்து நிற்கும். பார் முகட்டிலும் வரப்போரத்திலும் அரிசி மாவைத் தூவினாற்போல் இருக்கும். முதல் ஆண்டில் முறம் அகலத்துக்கு இருக்கும் திட்டு, ஐந்தாறு ஆண்டுகளில் களத்து மேடு அளவுக்குப் பெருகிவிடும். அந்த இடத்தில் சின்ன வெங்காயம் நட்டால் தாள் நுனி கருகும். நிலக்கடலை விதைத்தால் பாதி முளைக்காது. உழவர் விதையை மாற்றிப் பார்ப்பார், உரத்தைக் கூட்டிப் பார்ப்பார், யாரோ சொன்னார்கள் என்று ஜிப்சம் வாங்கி இறைப்பார். கடைசியில் கை ஓய்ந்து, அந்தப் பக்கத்தைச் சீமைக்கருவேலுக்கு விட்டுவிடுவார்.

இத்தனை செலவுக்கும் நடுவே அந்தத் திட்டில் தானாக முளைத்த பூண்டுகளை யாரும் ஏறிட்டுப் பார்ப்பதில்லை. களை என்று பிடுங்கி வரப்பில் எறிந்துவிடுகிறார்கள். ஆனால் உப்பு எங்கிருந்து வருகிறது, எங்கே தங்குகிறது, எந்த வழியாகப் போக மறுக்கிறது என்பதைச் செடிகளைக் கொண்டே படிக்க முடியும். அந்தப் பாடம் தெளிவாக எழுதியிருக்கும் இடம் கடலோரத்துச் சதுப்பு நிலம். அங்கே ஓதநீர் தினமும் வந்து போகும் உப்புச் சேற்றில் செடிகள் வரிசை பிடித்து நிற்கின்றன. அந்த வரிசையின் காரணத்தைத் தெரிந்துகொண்டால் தோட்டத்துத் திட்டின் காரணமும் விளங்கிவிடும்.

காவிரியின் கடைசி மடை

இந்தச் சதுப்பு நிலங்கள் நமக்கு அந்நியமானவை அல்ல. பரமத்திவேலூரையும் மோகனூரையும் தொட்டுப் போகும் காவிரியே அங்கும் போய்ச் சேருகிறது. முக்கொம்பில் பிரியும் கொள்ளிடத்தின் முகத்துவாரத்துக்கும் வெள்ளாற்றுக்கும் இடையே பிச்சாவரம் இருக்கிறது. டெல்டாவின் தென்கோடியில் கோரையாறு, பாமணியாறு முதலிய கிளைகள் முத்துப்பேட்டைக் காயலில் விழுகின்றன. அங்கிருந்து கிழக்கே கோடியக்கரை வரை விரிந்து கிடப்பது வேதாரண்யம் பெருஞ்சதுப்பு. கோடியக்கரை 2002-இலும் பிச்சாவரம் 2022-இலும் உலகளாவிய முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களாக ராம்சர் பட்டியலில் சேர்க்கப்பட்டன.

வேதாரண்யத்துக்கும் நம் பக்கத்துக்கும் இன்னொரு உறவும் உண்டு. 1930 ஏப்ரல் 13-ஆம் தேதி திருச்சியிலிருந்து தொண்டர்களை நடத்திச் சென்று, அம்மாத இறுதியில் அங்கே உப்பு அள்ளிய ராஜாஜி, சேலத்தில் வக்கீலாக இருந்தவர்; 1925 முதல் திருச்செங்கோட்டை அடுத்த புதுப்பாளையம் ஆசிரமத்தில் வாழ்ந்தவர். மழையை நம்பி வாழும் மேட்டுக்காட்டு மக்கள் நடுவே இருந்தவர் உப்புக்குப் பெயர்போன மண்ணைத் தேடிப் போனார். அந்த மண்ணில் அன்றும் இன்றும் முளைத்து நிற்பது உமரி.

நம் கடற்கரையில் ஓதத்தின் ஏற்றத்தாழ்வு குறைவு. குஜராத்தின் காம்பே வளைகுடாவில் அது ஒரு மாடி வீட்டு உயரத்தைத் தாண்டும். காவிரி முகத்துவாரப் பகுதியில் முழங்காலுக்கும் இடுப்புக்கும் இடைப்பட்ட அளவுதான். நிலமோ பாய் விரித்தாற்போல் மட்டமானது. எனவே நாலு விரற்கடை மேடு பள்ளமே எந்தச் செடி எங்கே வாழும் என்பதைத் தீர்மானித்துவிடும்.

நீரின் விளிம்பில், தினமும் ஓதம் ஏறி இறங்கும் சேற்றில், அலையாத்தி மரம் நிற்கிறது. வெண்கண்டல் என்றும் சொல்வர். முத்துப்பேட்டைக் காட்டில் பெரும்பாலும் இதுவே. அதற்குப் பின்னால், ஓதம் சில நாள் எட்டி, சில நாள் எட்டாத இடத்தில் உமரிக் கூட்டம். நெருக்கமான தடித்த இலைகளோடு முழங்கால் உயரம் வளரும் உமரி ஒரு வகை. இலையே இல்லாமல், கணுக்கணுவாகப் பச்சைக் குச்சிகளைக் கோத்தாற்போல் நிற்கும் சாலிகார்னியா இன்னொரு வகை. இவற்றோடு தரையில் படரும் செசுவியம் என்ற கொடி. இது நம் தோட்டத்துச் சாரணைக்கு ஒன்றுவிட்ட உறவு. அதே போலத் தடித்த இலை, சிவந்த தண்டு.

இன்னும் மேலே போனால் எதுவுமே இல்லாத வெட்டவெளி. வெயிலில் கண் கூசும் வெள்ளைத் தரை. அதையும் தாண்டினால் மறுபடி செடிகள்: புதராக வளரும் கரு உமரி, குத்தும் இலை கொண்ட குட்டைப் புற்கள், சாம்பல் பூத்த சிறு இலையோடு தரையில் ஒட்டிக் கிடக்கும் கிரெசா, கோரை, அப்பால் உகாய் மரமும் சீமைக்கருவேலும்.

நடுவே ஏன் வெறுந்தரை?

கடலுக்கு அருகில் உப்பு அதிகம், விலக விலகக் குறைவு என்றுதான் எவரும் நினைப்பர். அப்படியானால் வெறுந்தரை கடலை ஒட்டியல்லவா இருக்க வேண்டும்? சதுப்பில் நிலைமை வேறு. நீர் விளிம்பில் உள்ள சேற்றில் உப்பு கடல்நீரின் அளவை ஒட்டியே இருக்கும். லிட்டருக்கு 35 கிராம் அளவில். அதற்கு மேல் ஏறவிடாமல் ஒவ்வொரு ஓதமும் அலசி எடுத்துக்கொண்டு போய்விடும். வரும் தண்ணீர் உப்புத் தண்ணீர்தான். ஆனாலும் அது திரும்பிப் போகிறது.

மேட்டுத் தரையின் கதை வேறு. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய பெரிய ஓதம் மட்டுமே அங்கே எட்டும். ஏறிய தண்ணீர் முழுவதும் திரும்பிப் போகாது. குட்டையாக நின்று வெயிலில் சுண்டும். நீர் ஆவியாகும், உப்பு தங்கும். அடுத்த பெரிய ஓதம் வந்து இன்னும் கொஞ்சம் வைத்துவிட்டுப் போகும். இப்படி ஏறி ஏறிக் கடல்நீரை விடப் பல மடங்கு உப்பு அந்த மண்ணில் சேர்ந்துவிடுகிறது. உப்பில் பிறந்து வளர்ந்த உமரிக்கே அது தாங்காது. வேதாரண்யத்து உப்பளங்களில் பாத்தி கட்டி நீரைத் தேக்கிச் செய்வதும் இதே வேலைதான்.

ஆக, உப்பு அதிகம் தங்கும் இடம் தண்ணீர் ஓடும் இடம் அல்ல. தண்ணீர் வந்து நின்று உலரும் ஓரம். இந்த ஒரு வரியை மனத்தில் வைத்துக்கொண்டு தோட்டத்தைச் சுற்றி வந்தால் பல புதிர்கள் அவிழும்.

உமரி அந்த உப்பில் எப்படி வாழ்கிறது என்பதும் பார்க்கத் தக்கது. உறிஞ்சிய உப்பை இலைக்குள்ளே தனிப் பையில் ஒதுக்கிவைத்து, நிறைய நீரைச் சேர்த்து நீர்த்துவிடுகிறது. இலை தடித்து நீர் கோத்து இருப்பது அதனால்தான். வாயிலிட்டால் கரிக்கும். உப்பு போடாமலேயே உமரிக் கீரை சமைக்கும் கடற்கரை ஊர்கள் உண்டு. அலையாத்தி வேறு தந்திரம் செய்கிறது: இலையில் உள்ள சுரப்பிகள் வழியாக உப்பை வெளியே தள்ளிவிடும்; காலையில் இலையைத் தடவினால் விரலில் உப்புப் பொடி ஒட்டும். கோடை முற்றும்போது உமரியும் செசுவியமும் செம்பு நிறத்துக்கு மாறுவது, தாங்கும் எல்லையைத் தொட்டுவிட்டன என்பதன் அடையாளம்.

இதில் உழவர்கள் கவனிக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. இவ்வளவு உப்பைத் தாங்கும் செடியின் விதையும் கோடையில் முளைப்பதில்லை. வடகிழக்குப் பருவமழை பெய்து மேல்மண்ணின் உப்பைக் கழுவிய பிறகுதான் உமரி நாற்று கண் திறக்கிறது. வளர்ந்த செடிக்குள்ள வீரம் முளைக்கும் குருத்துக்கு இல்லை. கேரளத்துப் பொக்காளி நெல் உழவர்களும் இதை அறிந்தே செய்கின்றனர். ஓதநீர் ஏறும் வயலில் மண்ணைக் குன்று குன்றாகக் கூட்டிவைத்து, தென்மேற்குப் பருவமழை அந்தக் குன்றுகளைக் கழுவிய பின்னரே முளைகட்டிய விதையைத் தெளிக்கிறார்கள். உவர் கண்ட தோட்டத்தில் மழைக்கு முன்பே விதைத்துவிட்டு முளைப்பு இல்லை என்று விதையைக் குறை சொல்வது சரியல்ல.

பிச்சாவரத்தில் நடந்தது

வெள்ளைக்காரர் காலத்திலிருந்து பிச்சாவரத்து மரங்களைப் பகுதி பகுதியாக மொட்டையாக வெட்டும் வழக்கம் இருந்தது. வெட்டிய இடம் தானாக மறுபடி காடாகிவிடும் என்பது எதிர்பார்ப்பு. ஆகவில்லை. மரம் இழந்த சேற்று மண் வெயிலில் காய்ந்து அமுங்கி, நடுவில் தொட்டி போல் பள்ளம் விழுந்தது. பெரிய ஓதத்தில் உள்ளே வந்த நீர் வெளியேற வழியின்றித் தேங்கிச் சுண்டியது. உப்பு ஏறியது. அலையாத்தி விதை விழுந்தும் நிலைக்கவில்லை. உமரி மட்டும் ஆங்காங்கே பற்றிக்கொண்டது. ஆடு மாடு மேய்வதாலும் விறகு வெட்டுவதாலும் காடு அழிகிறது என்றுதான் நெடுநாள் நம்பப்பட்டது.

1990-களில் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் தமிழ்நாடு வனத்துறையும் சேர்ந்து மண்ணையும் நீரோட்டத்தையும் ஆராய்ந்தபோது உண்மைக் காரணம் தெரிந்தது. அதற்குச் செய்த வைத்தியம் மிக எளியது. மருந்து எதுவும் போடவில்லை. மீன்முள் போல ஒரு நடு வாய்க்காலும் அதிலிருந்து இருபுறமும் சாய்ந்த கிளை வாய்க்கால்களும் வெட்டினார்கள். ஓதம் வாய்க்கால் வழியே உள்ளே வந்து, அதே வழியாக வெளியேறியது. போகும்போது தேங்கிய உப்பையும் கரைத்துக்கொண்டு போயிற்று. மண்ணின் உப்பு குறைந்ததும் வாய்க்கால் கரையில் நட்ட அலையாத்தி பிடித்துக்கொண்டது. உள்ளூர் மக்களைச் சேர்த்துக்கொண்டு இந்த முறை முத்துப்பேட்டையிலும் பிற இடங்களிலும் பின்பற்றப்பட்டது.

கடல்நீரைக் கொண்டே உப்பைக் கழுவ முடிந்தது என்பதை இங்கே ஊன்றிக் கவனிக்க வேண்டும். நீர் வெளியேற வழி இருந்ததே காரணம்.

தோட்டத்துக்கு வரும் ஓதம்

சேலம், நாமக்கல் தோட்டத்துக்குக் கடல் வராது. ஆனால் ஆழ்துளைக் கிணறு என்ற ஓதம் வருகிறது. பாறைப் பாங்கான நம் நிலத்தில் ஆழத்துக்குப் போகப் போக நீர் நெடுநாள் பாறையிடுக்கில் தங்கிய நீராக இருக்கும், உப்பும் கரைந்திருக்கும். ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். நீர்ப் பரிசோதனை அறிக்கையில் மின்கடத்து திறன் 2 டெசிசைமன் என்று இருப்பதாகக் கொள்வோம். பழைய அறிக்கைகளில் மில்லிமோஸ் என்று இருக்கும், எண் ஒன்றுதான். அந்த நீரில் லிட்டருக்கு ஏறத்தாழ 1.28 கிராம் உப்பு உண்டு. ஒரு ஏக்கருக்கு இரண்டு அங்குல உயரம் ஒரு தண்ணீர் பாய்ச்சினால் 2 லட்சம் லிட்டர். அதில் வந்து இறங்குவது சுமார் 260 கிலோ உப்பு. ஐந்து மூட்டைக்கு மேல். பத்துத் தண்ணீர் கட்டினால் இரண்டரை டன்னைத் தாண்டும். இது அத்தனையும் சமையல் உப்பு அல்ல. சுண்ணாம்புச் சத்தும் மக்னீசியமும் சேர்ந்ததுதான். ஒரு பகுதி மண்ணில் சுண்ணாம்பாகப் படிந்து தொல்லையின்றிக் கிடக்கும். ஆனாலும் கணக்கு கணக்குதான்.

கடலோரத்து ஓதம் வந்து திரும்பிப் போகிறது. தோட்டத்து ஓதம் வருகிறது, திரும்புவதில்லை. பயிர் நீரை மட்டும் குடித்துவிட்டு உப்பை மண்ணிலேயே விட்டுவிடுகிறது. நல்ல மழைக்காலத்தில் மழை அதைக் கீழே இறக்கிவிடும். மழை தவறும் ஆண்டுகள் அடுத்தடுத்து வந்தால் திட்டு பெருகும். திருமணிமுத்தாறு போன்று நகரக் கழிவைச் சுமக்கும் ஆற்றின் கரைக் கிணறுகளுக்கு இந்தச் சுமை இன்னும் கூடுதல். அங்கே ஆண்டுக்கு ஒரு முறையாவது நீரைப் பரிசோதிப்பது அவசியம்.

உப்பை உண்ணும் உமரியையே தோட்டத்தில் பயிரிட்டு அறுத்து வெளியேற்றிவிட்டால் என்ன என்ற யோசனை அவ்வப்போது கிளம்புகிறது. அண்ணாமலைப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இதைச் சோதித்து 2007-இல் முடிவை வெளியிட்டனர். உமரியும் செசுவியமும் நான்கு மாதத்தில் ஒரு ஹெக்டேரிலிருந்து ஏறத்தாழ 500 கிலோ உப்பை எடுத்தன. ஏக்கருக்கு 200 கிலோ. ஆராய்ச்சியாக இது பெரிய விஷயம். தோல் ஆலைக் கழிவு பாய்ந்து பயிருக்கே உதவாமற்போன நிலத்துக்கு நல்ல வழியாகவும் ஆகலாம். ஆனால் மேலே சொன்ன கணக்கோடு வைத்துப் பார்த்தால், நான்கு மாதம் செடி உழைத்து எடுத்ததை ஒரே ஒரு தண்ணீர் திரும்பக் கொண்டுவந்து வைத்துவிடுகிறது. உப்பு வரவைக் குறைக்காமல், போகும் வழியையும் திறக்காமல் உமரி விதையை மட்டும் தேடி அலைவது வீண்.

பார் முகட்டில் உட்காரும் உப்பு

தண்ணீர் நின்று உலரும் ஓரத்தில் உப்பு தங்கும் என்று பார்த்தோம். பாரும் வாய்க்காலுமாகப் பிரித்த தோட்டத்தில் அந்த ஓரம் எது? நீர் வாய்க்காலில் ஓடி, பாருக்குள் ஊறி, முகட்டுக்கு ஏறி, அங்கே வெயிலில் ஆவியாகிறது. ஆகவே உப்பு முகட்டில். சதுப்பின் வெறுந்தரை எப்படியோ அப்படியே இதுவும். முகட்டில் ஊன்றிய விதை கருகும். அரையடி தள்ளிப் பாரின் சரிவில் ஊன்றிய விதை பிழைக்கும். உப்புத் தண்ணீர் பாயும் தோட்டத்தில் பருத்தி, மக்காச்சோளம், வெங்காயம் எதுவானாலும் பாரின் பக்கச் சரிவில் நடுவது ஒரு காசு செலவில்லாத வைத்தியம்.

சொட்டு நீர்ப் பாசனத்திலும் இதே கதை. சொட்டுவானைச் சுற்றி நனையும் வட்டத்தின் விளிம்பில் உப்பு மோதிரம் போல் சேரும். நீண்ட வறட்சிக்குப் பின் லேசான தூறல் ஒன்று விழுந்தால் அந்த உப்பு கரைந்து வேருக்கே வந்துவிடும். மழைதான் பெய்கிறதே என்று மோட்டாரை நிறுத்திவிடாமல், அந்த முதல் தூறலின்போது சொட்டுநீரையும் சேர்த்து ஓட்ட வேண்டும்.

வயலின் கடைமடையிலும், சமன் செய்யாமல் விட்ட சிறு மேடுகளிலும் திட்டு முதலில் தோன்றுவதற்கும் இதுவே காரணம். நிலத்தைச் சமன் செய்வது உப்பு வைத்தியத்தின் முதல் படி. இதைத் தாண்டிக் குதித்து நேரே ஜிப்சத்துக்குப் போவோரே அதிகம்.

எது உவர், எது களர்?

வெள்ளை பூத்ததெல்லாம் ஒரே நோய் அல்ல. சேலத்தை அடுத்த சுண்ணாம்புக் கரட்டில் தெரியும் வெள்ளை மாக்னசைட் பாறை. அது உப்பே அல்ல. மண்ணுக்குள் கிடக்கும் சுக்கான் கற்களும் அப்படித்தான். உப்பு நோயிலும் இரண்டு சாதி உண்டு. கரையும் உப்புகள் மிகுந்து, கார அமில நிலை 8.5-க்குள் இருப்பது உவர். மண் துகள்களோடு சோடியம் ஒட்டிக்கொண்டு, கார அமில நிலை 8.5-க்கு மேல் போய்விட்டது களர். கர்னாலில் 1969 முதல் இயங்கும் மத்திய உவர் மண் ஆராய்ச்சி நிலையத்தின் கணக்குப்படி தமிழ்நாட்டில் பாதிக்கப்பட்ட நிலம் 3.68 லட்சம் ஹெக்டேர்; அதில் உவர் சுமார் 13 ஆயிரம் ஹெக்டேர்தான், அதுவும் கடலோரத்தில். மற்றதெல்லாம் களர். வள்ளுவர் கல்லாதவருக்கு உவமை சொல்ல எடுத்துக்கொண்டதும் களரைத்தான்.

பேச்சு வழக்கில் பெயர்கள் குழம்பிக் கிடக்கின்றன. முன்பு வெள்ளாவி வைக்கச் சலவைத் தொழிலாளர்கள் அள்ளிய மண்ணுக்கு உவர்மண் என்று பெயர். அழுக்கை எடுப்பது அதிலுள்ள சோடியம் கார்பனேட். அதாவது பெயர் உவர், குணம் களர். உங்கள் ஊரில் உவர்மண் எடுத்த பள்ளம் என்று ஓர் இடம் இருந்தால், அதைச் சுற்றியுள்ள நிலத்தைக் களர் என்று சந்தேகிப்பதே முறை.

செடிகளும் பிரித்துக் காட்டும். கடலோரச் சதுப்பின் மேல்வரம்பில் பார்த்த கிரெசா, தடித்த இலைப் பூண்டுகள் முதலியன வயலில் கூட்டமாக வந்தால் கரையும் உப்பு மிகுதி என்று கொள்ளலாம். மண் பொலபொலவென்று, காலையில் ஈரம் கசிந்து இருக்கும். களரில் தடித்த இலைச் செடிகள் அவ்வளவாக வருவதில்லை. தர்ப்பை, முரட்டுப் புற்கள், அறுகு ஆகியவை குத்துக் குத்தாகப் பிடித்திருக்க, இடையே மண் ஓடு போல் இறுகி வெடித்திருக்கும். மழை பெய்தால் நீர் உள்ளே இறங்காமல் கலங்கலாக நிற்கும். மேலே கறுப்புப் படலம் கட்டும். சீமைக்கருவேலை நம்பி எந்த முடிவுக்கும் வரக்கூடாது. அது உவரிலும் வளரும், களரிலும் வளரும், நல்ல நிலத்திலும் வளரும்.

வீட்டிலேயே ஒரு சோதனை செய்யலாம். கண்ணாடி டம்ளரில் ஒரு கைப்பிடி மண்ணைப் போட்டு மழைநீர் விட்டுக் கலக்கி வையுங்கள். சற்று நேரத்தில் மேல்நீர் தெளிந்தால் உவர். மறுநாள் வரையிலும் கலங்கலாகவே நின்றால் களர். ஆரத்தித் தட்டில் மஞ்சளோடு சுண்ணாம்பு சேர்ந்தால் சிவப்பதை அறிவோம். காரம் முற்றிய களர் மண்ணின் ஊறல் நீரும் மஞ்சள் தோய்த்த தாளைச் சிவக்க வைக்கும். இவை சந்தேகத்தைக் கிளப்பும் சோதனைகள் மட்டுமே. பணம் செலவிடும் முன் மண் பரிசோதனை வேண்டும்.

ஏனென்றால் மருந்து மாறினால் நட்டம் இரட்டிப்பாகும். உவர் நிலத்துக்கு ஜிப்சம் போடுவது, உப்புக்கு மேல் உப்பைக் கொட்டுவது போல. அதற்கு வேண்டியது கழுவுதலும் வடிகாலும். உயர்ந்த வரப்பு போட்டு ஐப்பசி, கார்த்திகை மழையைத் தேக்கி உள்ளிறக்க வேண்டும். ஓரடி ஆழ மண்ணுக்குள் ஓரடி நீர் இறங்கிப் போனால் அந்த மண்ணின் உப்பில் ஐந்தில் நாலு பங்கு கழுவப்படும். தாழ்ந்த பக்கத்தில் முழ ஆழத்துக்காவது வடிகால் வெட்டி, நீர் பக்கத்துத் தோட்டத்துக்குள் புகாமல் ஓடைக்குப் போகும்படி செய்ய வேண்டும். பிச்சாவரத்து மீன்முள் வாய்க்கால் செய்த வேலையை இது செய்யும்.

களர் நிலத்தை வெறும் நீரால் கழுவினால் இருந்த சுண்ணாம்புச் சத்தும் போய், மண் இன்னும் இறுகும். அங்கேதான் ஜிப்சம் வேண்டும். ஜிப்சத்தில் உள்ள கால்சியம் சோடியத்தைப் பெயர்த்துத் தள்ளும். பெயர்ந்த சோடியம் நீரோடு வெளியேற வேண்டும். மண் பரிசோதனை சொல்லும் ஜிப்சத் தேவையில் பாதி அளவு போதும். சமன் செய்த பாத்தியில் தூவி உழுது, நாலங்குல நீர் கட்டி, ஓரிரு நாள் வைத்து வடித்துவிட வேண்டும். வடிக்காமல் அப்படியே வற்றவிட்டால் போட்ட பணம் மண்ணோடு போகும். பின்னர் தக்கைப்பூண்டு விதைத்து 45-ஆம் நாள் மடக்கி உழலாம். நெல் நட்டால் கோ 43, திருச்சி 1, திருச்சி 3 போன்ற தாங்கும் ரகங்களும், ஏக்கருக்கு 15 கிலோ துத்தநாக சல்பேட்டும், வழக்கத்தை விடக் கால் பங்கு கூடுதல் தழைச்சத்தும் தேவை. கரும்பு ஆலைச் சேறு கிடைத்தால் களருக்கு நல்லது. நாமக்கல்லில் மலிவாகக் கிடைக்கிறது என்று மட்காத கோழி எருவை வண்டி வண்டியாகக் கொட்டுவது கூடாது. அதிலும் உப்பு உண்டு.

பயிர்கள் தாங்கும் எல்லையும் தெரிந்திருப்பது நல்லது. ஊறிய மண்ணின் சாற்றில் அளந்தால் மின்கடத்து திறன் வெங்காயத்துக்கு 1.2, கரும்புக்கும் மக்காச்சோளத்துக்கும் 1.7, நெல்லுக்கு 3, நிலக்கடலைக்கு 3.2, தட்டைப்பயறுக்கு 4.9, சோளத்துக்கு 6.8, பருத்திக்கு 7.7 டெசிசைமன் வரை விளைச்சல் குறையாது. மண் பரிசோதனை நிலையங்களில் மண்ணோடு இரண்டு மடங்கு அல்லது அதற்கு மேல் நீர் கலந்து அளப்பது வழக்கம். அந்த எண் இதை விடக் குறைவாகவே வரும். எந்த முறையில் அளந்தது என்று கேட்டுக்கொண்ட பின்னரே ஒப்பிட வேண்டும். வெங்காயம் கருகும் தோட்டத்தில் சோளமோ பருத்தியோ இரண்டு பருவம் எடுத்துக்கொண்டே நிலத்தைத் திருத்த முடியும். சும்மா போட்டுவைத்தால் ஆவியாகும் நீரோடு உப்பு மேலும் மேலேறும்.

கிணற்று நீரையும் விட்டுவிடக் கூடாது. அறிக்கையில் எஞ்சிய சோடியம் கார்பனேட் 1.25-க்குள் இருந்தால் கவலையில்லை. 2.5-ஐத் தாண்டினால் அந்த நீர் நல்ல மண்ணையும் களராக்கும். அத்தகைய நீரைத் தொட்டியில் அடுக்கிய ஜிப்சக் கட்டிகளின் மீது ஓடவிட்டுப் பாய்ச்சலாம்.

மாதிரி எடுக்க ஏற்ற காலம் கோடை. வெள்ளைத் திட்டிலிருந்து ஒன்று, பயிர் நன்றாக வரும் இடத்திலிருந்து ஒன்று என்று தனித்தனியே எடுக்க வேண்டும். இரண்டையும் கலந்துவிட்டால் அறிக்கை எதையும் சொல்லாது. மேலே பூத்த உப்பைச் சுரண்டி எடுக்காமல், அரையடி வரை ஒன்று, அதற்குக் கீழே ஓரடி வரை ஒன்று, பிறகு இரண்டடி வரை ஒன்று எனப் பிரித்துப் பையில் கட்டி, அந்தத் திட்டில் முளைத்திருக்கும் பூண்டில் ஒரு கொத்தையும் காகிதத்தில் மடித்துக் கொண்டுபோகலாம். கிணற்று நீரானால் மோட்டார் அரை மணி நேரம் ஓடிய பிறகு, அதே நீரால் இரண்டு மூன்று முறை அலம்பிய பாட்டிலில் பிடிக்க வேண்டும். சேலம் மாவட்டத்தார் சந்தியூர் வேளாண் அறிவியல் நிலையத்தையும், நாமக்கல் மாவட்டத்தார் கால்நடை மருத்துவக் கல்லூரி வளாகத்து வேளாண் அறிவியல் நிலையத்தையும் அணுகலாம்.